பாசஞ்சர் வண்டியில் ஒரு சிவகாசிக்காரி!

போன வாரம் ஹாஸ்டல் கிச்சன் புராணம் எழுதினதுக்கு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அங்கே ஊர் சுத்த எவ்வளவு செலவாகும்?" சமையலைப் பத்தி ஒருத்தர்கூட கேட்கலை. நம்மாளுங்க வெவரம்தான்! சரி, இந்த வாரம் ரயில்.

ஜெர்மனியில் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்'னு ஒண்ணு இருக்கு. மாசம் ஒரு தடவை பணம் கட்டிட்டா போதும். நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, பாசஞ்சர் ரயில்னு எதில் வேணும்னாலும் ஏறலாம், இறங்கலாம். 2023 மே மாசம் 49 யூரோவுக்கு ஆரம்பிச்சாங்க. 2025 ஜனவரியில் 58 ஆச்சு. 2026 ஜனவரியில் 63. நான் எக்ஸ்சேஞ்சில் வந்திருக்கிற கார்ல்ஸ்ரூ நகரம் இருக்கிற மாநிலத்தில், 27 வயசுக்குள்ளே இருக்கிற ஸ்டூடண்ட்ஸுக்கு சலுகை விலையும் உண்டு. ஒரே கண்டிஷன், பறக்கிற எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஏறக் கூடாது. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு போகிற வண்டிதான். எனக்கென்ன அவசரம்? ஜன்னல் சீட் கிடைக்குதே!

'ஜெர்மன்காரன் டைம்னா டைம்'னு நம்ம புரொஃபசர்கள் சொல்லிச் சொல்லி நம்மை எழுப்பி விட்டிருக்காங்க இல்லையா? அவங்களுக்கு ஒரு தகவல். 2024-ஆம் வருஷம் இங்கே தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அதுவும் ஆறு நிமிஷத்துக்குள்ளே லேட்டானா அதை லேட்டுன்னே கணக்கில் எடுத்துக்க மாட்டாங்க! எட்டு மணி கிளாஸுக்கு எட்டு அஞ்சுக்குப் போகிற என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஜெர்மன் ரயில்வே கணக்குப்படி பங்க்சுவல்தான்.

ஆனா ஒரு விஷயம் பழகவே மாட்டேங்குது. வண்டிக்குள்ளே பேச்சே கிடையாது. நம்ம பக்கம் விருதுநகர் ஜங்ஷனில் ஏறி சாத்தூர் தாண்டுறதுக்குள்ளே, எதிர் சீட்டு அம்மாவுக்கு நாம எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை, எத்தனை அரியர் எல்லாம் தெரிஞ்சிடும். அவங்க பொட்டலத்தில் இருக்கிற சேவு நம்ம கைக்கு வந்துடும். இங்கே ஒன்றரை மணி நேரம் எதிரும் புதிருமா உட்கார்ந்திருந்துட்டு இறங்கும்போது ஒரு 'ச்சூஸ்' சொல்வாங்க. 'வர்றேன்'னு அர்த்தம். அவ்வளவுதான். முதல் மாசம் அது ரொம்பக் கஷ்டமா இருந்தது. அப்புறம் மெதுவா ஒண்ணு புரிஞ்சுது. யாரும் என்னை ஒண்ணும் கேட்கலைன்னா, நான் யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. இது எவ்வளவு பெரிய சுகம்னு எங்க ஊர்ப் பொண்ணுங்களைத் தவிர வேற யாருக்கும் விளங்காது.

ஏன்னா இந்த இருபது வயசு வரைக்கும் நான் தனியா போன அதிகபட்ச தூரம், திருத்தங்கல்ல இருந்து சிவகாசி. டவுன் பஸ். கால் மணி நேரம். மதுரைக்குப் போனா அப்பா கூட. பாஸ்போர்ட் எடுக்கப் போனப்போ அம்மா, சித்தி, சித்தி மகன்னு ஒரு படையே வந்துச்சு. அப்படிப்பட்டவளை ஒரே நாளில் ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டுட்டாங்க. இடையில் பயிற்சியே கிடையாது! பைக்கே ஓட்டாதவன் கையில் லாரியைக் குடுத்த மாதிரி.

எங்க காலேஜ் லைப்ரரியில் ஏ.கே. செட்டியாரோட 'உலகம் சுற்றும் தமிழன்' இருந்தது. கோட்டையூர்க்காரர். 1930களில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோகிராபி படிச்சவர். காந்தியைப் பத்தி ஊர் ஊரா, நாடு நாடா அலைஞ்சு படம் சேகரிச்சு 1940-ல் டாக்குமெண்டரியா வெளியிட்டவர். நம்ம ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச் பசங்களுக்கெல்லாம் அவர்தான் சீனியர். அவருக்கு ஒரு வசதி இருந்தது பாருங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு "எங்க இருக்க? லொக்கேஷன் அனுப்பு"ன்னு போன் வராது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கார்ல்ஸ்ரூவில் இருந்து ஹைடல்பெர்க் போகிற பாதையில் 'வீஸ்லோக்-வால்டார்ஃப்'னு ஒரு ஸ்டேஷன். சாஃப்ட்வேர் கனவில் இருக்கிற மக்களுக்கு வால்டார்ஃப்னா தெரியும், எஸ்.ஏ.பி. கம்பெனியோட தலைமையிடம். என் கண்ணு அந்தப் பக்கமே போகலை. ஸ்டேஷனை ஒட்டி இன்னொரு பெரிய தொழிற்சாலை. 'ஹைடல்பெர்க்' அச்சு இயந்திரம் செய்கிற இடம்.

சிவகாசியில் ஹைடல்பெர்க்னா ஊர் இல்லைங்க, மெஷின். எங்கப்பா இருபத்திரண்டு வருஷமா ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். காலண்டர், டைரி, தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டிக்கு மேலே சிரிக்கிற குழந்தைப் படம் எல்லாம் ஓட்டினவர். "அந்த பிரஸ்ல ஹைடல்பெர்க் இறக்கிட்டாகளாம்"னு எங்க தெருவில் பேசிக்கிறதைக் கேட்டா யாரோ பெரிய வீட்டுக் கல்யாணம்னு நினைப்பீங்க. 1386-ல் ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி அந்த ஊரில் இருக்குன்னோ, ஆத்தங்கரையில் கோட்டை இருக்குன்னோ இங்கே வந்துதான் எனக்கே தெரியும்.

தீபாவளி அன்னிக்கு ஹைடல்பெர்க்கில் இருக்கிற ஒரு தமிழ் ஃபேமிலி வீட்டுக்கு சாயந்திரம் கிளம்பினேன். வண்டி வீஸ்லோக்கில் நின்னுச்சு. என்ன தோணுச்சோ, இறங்கிட்டேன். கையில்தான் எங்கே வேணும்னாலும் இறங்குகிற டிக்கெட் இருக்கே! அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ராத்திரி எட்டரை மணி. நம்ம ஊரில் வெடிக்க அனுமதி சாயந்திரம் ஏழில் இருந்து எட்டு வரைக்கும்தான். போனுக்குள்ளே கேட்ட சத்தம் என்ன சத்தம்னு நான் எழுத மாட்டேன்.

"அப்பா, இங்க பாருங்க. இதுதான் அது."

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். போனை இடது பக்கம் திருப்பச் சொன்னார். வலது பக்கம் திருப்பச் சொன்னார். நான் அழுதிடுவாரோன்னு பயந்துட்டேன். கடைசியில் கேட்டார்: "ஏன் பாப்பா, உள்ள சத்தமே கேக்கலையே, லீவா?"

அந்த பிளாட்பாரத்தில் தனியா நின்னு நான் சிரிச்ச சிரிப்புக்கு ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தாங்க.

அடுத்த வண்டி வர்ற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தப்போதான் அந்த ரெண்டு பேர் ஞாபகம் வந்துச்சு. எங்க ஊர் ஸ்கூல் விழாக்களில் அவங்களைப் பத்திப் பேசாத சீஃப் கெஸ்ட் கிடையாது. பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார். 1922-ல் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிறதுக்காக கல்கத்தாவுக்குப் போனவங்க. மேடையில் கேட்கும்போது கொட்டாவிதான் வரும். தனியா ரயிலில் சுத்த ஆரம்பிச்ச பிறகு அதே கதை எனக்கு வேற மாதிரி தெரியுது. அப்போ சிவகாசிக்கு ரயிலே கிடையாது. விருதுநகரில் இருந்து தென்காசிக்குப் பாதை வந்ததே 1927-ல்தான். விருதுநகருக்கு அப்போ பேர் விருதுபட்டி. அங்கே போய்த்தான் ரயில் ஏறியிருக்க முடியும். அங்கிருந்து மெட்ராஸ், மெட்ராஸில் இருந்து கல்கத்தா. பாஷை தெரியாத ஊர். சாப்பாடு வேற. மழையில்லாத, விவசாயம் பொய்ச்சுப்போன ஒரு கரிசக்காட்டில் இருந்து கிளம்பி, பெட்டிக்குள்ளே ஒரு தொழிலையே தூக்கிட்டு வரணும்னு போன பயணம். கிரெடிட் டிரான்ஸ்ஃபர் எல்லாம் கிடையாது!

திரும்பி வந்து ஆரம்பிச்சாங்க. முதலில் அவங்க இறக்கினது எந்த ஊர் மெஷின் தெரியுமா? ஜெர்மன் மெஷின். ஆனா அது கட்டுப்படி ஆகலை. மெஷினை விட்டுட்டு எல்லாத்தையும் கைவேலையா மாத்தினாங்க. அதுக்கப்புறம்தான் தொழில் நின்னுச்சு. அணில் மார்க், காக்கா மார்க் எல்லாம் ஊர் ஊராப் போச்சு. இரண்டாம் உலகப் போர் சமயம் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்னப்போ, மருந்து பழகின ஊர்னு பட்டாசும் இங்கேயே வேர் பிடிச்சுது. 'குட்டி ஜப்பான்'னு பேரும் வந்துச்சு.

சீஃப் கெஸ்ட் இந்த இடத்தில் கை தட்டச் சொல்வார். எனக்கு இந்த இடத்தில்தான் உறுத்துது. மெஷினை விடக் கை மலிவா இருந்ததுன்னா, அது யார் கை? எங்க அப்பத்தா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போனப்போ அவங்களுக்கு ஏழு வயசு. குரோஸ் கணக்கில் கூலி. பள்ளிக்கூடத்தை வெளியே இருந்து பார்த்ததோட சரி. எங்க அம்மா ஃபயர் ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் சக்கரம் சுத்தினவங்க. சாயந்திரம் அவங்க வீட்டுக்கு வரும்போது கை ரெண்டும் வெள்ளி மாதிரி மின்னும். அலுமினியத் தூள். சின்னப் புள்ளையில் அது அழகுன்னு நினைச்சு என் கன்னத்தில் தேய்ச்சு விடச் சொல்வேனாம்.

நியூ இயர் கதையையும் சொல்லிடுறேன். ஜெர்மனியில் நினைச்சப்போ பட்டாசு வெடிக்க முடியாது. பொதுவா டிசம்பர் 29-ல் இருந்து 31 வரைக்கும்தான் கடையில் விற்பாங்க. பதினெட்டு வயசு ஆகியிருக்கணும். 31-ஆம் தேதியும் ஜனவரி ஒண்ணும் மட்டும் வெடிக்கலாம். பெரும்பாலும் சீனச் சரக்கு. ஹுனான் மாகாணத்தில் லியுயாங்னு ஒரு ஊர், அதுதான் அவங்க சிவகாசி. ஆக, ஊரே வருஷம் முழுக்க அடக்கி வெச்சிருந்து ஒரே ராத்திரியில் போட்டுத் தாக்கும்.

நான் அந்த ராத்திரி ஹைடல்பெர்க்கில் இருந்து கடைசி நேரத்து வண்டியில் திரும்பிக்கிட்டு இருந்தேன். பெட்டியில் நானும், ஒரு பாட்டியும், பத்து வயசுப் பேரனும். பன்னிரண்டு மணி. ரெண்டு பக்கமும் சமவெளி. ஒரு கிராமம் இல்லை, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் எல்லாக் கிராமத்துக்கும் மேலே ஒரே நேரத்தில் பூ விரியுது. வண்டி ஓடுது, அதுவும் கூடவே ஓடி வருது. சத்தம் மட்டும் இல்லை. கண்ணாடி மூடியிருக்கே! வெடியைச் சத்தமில்லாம பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பையன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கிட்டு "பச்சை! பச்சை!"ன்னான். என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்: பச்சைன்னா பேரியம். சிவப்புன்னா ஸ்ட்ரான்சியம். நீலம் தாமிரம், அது வரவழைக்கிறதுதான் கஷ்டம். பாட்டி ஆச்சரியமா, "கெமிஸ்ட்ரி படிக்கிறியா?"ன்னாங்க. "இல்லை, மெக்கானிக்கல். எங்க ஊர் பட்டாசு ஊர்." பேரியம் உப்பும் சரவெடியும் இந்தியாவில் 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தடை பண்ணினதையும், அப்போ எங்க தெருவில் பாதி வீட்டில் வேலை இல்லாமப் போனதையும் சொல்கிற அளவுக்கு எனக்கு ஜெர்மன் போதலை.

"அழகான வேலை"ன்னு பாட்டி சொன்னாங்க. உண்மையாத்தான் சொன்னாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை.

இங்கேயும் சாவு இல்லாமல் இல்லை. 2024-ஐ முடிச்சு 2025-ஐ வரவேற்ற அந்த ஒரு ராத்திரியில் ஜெர்மனியில் அஞ்சு பேர் பட்டாசு விபத்தில் செத்துப்போனாங்க. பெரிய விவாதமே நடந்தது. இங்கே சாகிறவங்க கொளுத்துறவங்க. எங்க ஊரில் செய்யுறவங்க. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நான் ஒண்ணாங்கிளாஸ். மதியத்துக்கு மேலே வானத்தில் புகை. நாற்பது பேர் அளவில் போயிட்டாங்க. அதில் காப்பாத்தப் போனவங்களும் உண்டு. அம்மா அன்னிக்கு வேற ஃபயர் ஆபீஸில் வேலையில் இருந்தாங்க. எந்த ஆபீஸில் வெடிச்சதுன்னு தெரியற வரைக்கும் எங்க தெருவில் ஒரு வீட்டிலயும் யாரும் உள்ளே உட்காரலை. எல்லாரும் வாசலில். அம்மா வந்தாங்க. பத்து நாள் கழிச்சு மறுபடி வேலைக்கும் போனாங்க. என் ஸ்கூல் ஃபீஸ் அந்தக் கையில் இருந்துதான் வந்தது. இந்த ரயில் டிக்கெட்டும்தான், ஒரு விதத்தில்.

இதையெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்ததில் ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த வருஷ ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு, மருந்து அடைக்கிற இடத்தில் ஆள் நிக்க வேண்டாத மாதிரி, தூரத்தில் இருந்து இயக்குகிற ஒரு சின்ன மெஷின் பண்ணிப் பார்க்கணும். ஆட்டோமேஷன் லேபில் இங்கே கத்துக்கிட்டதை வெச்சு, நம்ம ஊரில் கிடைக்கிற சாமானில், சின்ன யூனிட்காரங்க வாங்குகிற விலையில். உற்சாகமா அன்னிக்கு ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். (நம்ம ஊரில் விடியக் காலை, கோலம் போட எந்திரிச்சிருந்தாங்க.)

அம்மா முழுசாக் கேட்டாங்க. அப்புறம் நிதானமாக் கேட்டாங்க: "ஏ பிள்ள, மெஷினே அடைச்சிருச்சுன்னா, அடைக்கிற சனத்துக்கு யாரு வேலை குடுப்பா?"

தியரி பேப்பரில் இதுக்கு விடை இருக்கும். திறன் மேம்பாடு, மாற்றுத் தொழில் அப்படின்னு அஞ்சு மார்க்குக்கு எழுதிடலாம். பக்கத்து வீட்டு அக்கா, கையில் தீக்காயத் தழும்போட மறுபடி அதே வேலைக்குப் போறவங்க, அவங்க முகத்தைப் பார்த்து எழுத முடியலை. நானும் ரெண்டு வாரமா ரயில் ரயிலாப் போய் யோசிக்கிறேன். புராஜெக்டை விடப் போறதில்லை. ஆனா அம்மாவோட கேள்வியை முதல் பக்கத்தில் எழுதிட்டுத்தான் டிராயிங்கே ஆரம்பிக்கணும்னு இருக்கேன். மெஷின் எவ்வளவு வேகம்னு மட்டும் பார்க்காம, அதை ஓட்ட எத்தனை பேர் வேணும், அவங்க யாரு, இப்போ சுத்துறவங்களே ஓட்டப் பழகலாமான்னும் பார்க்கணும். இதுக்கு நடுவில் அப்பா, "பேசாம பிரஸ்சுக்கு ஏதாவது பண்ணு பாப்பா, மாசம் ஒரு ரோலர் போகுது"ன்னு தனி டிராக்!

அடுத்த மாசம் ஊர் திரும்பணும். வர்ற சனிக்கிழமையோட டிக்கெட்டுக்கு வேலை முடிஞ்சுது, எக்ஸாம் ஆரம்பம். 'சிவகாசி வழியா வர்றியா, பட்டாசு வாங்கிட்டு வா'ன்னு சென்னையில் இருக்கிற கஸின்ஸ் இப்பவே மெசேஜ். எத்தனை தடவை சொன்னாலும் புரியாது. ரயிலில் பட்டாசு கொண்டுபோனா ரயில்வே சட்டம் 164-வது பிரிவில் மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும்கூட சேர்ந்து வரலாம். சிவகாசி வழியாப் போகிற பொதிகையில் தீபாவளி சமயம் போலீஸ் பையைத் துழாவுறதைப் பார்த்திருக்கேன். பட்டாசு ஊர்க்காரங்க கையில் பால்கோவாதான் இருக்கும்.

ஏர்போர்ட்டுக்கு யார் வர்றதுன்னு வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. அப்பாவுக்கு நோட்டுப் புத்தக சீசன், லீவு கிடைக்காது. சித்தி மகனுக்கு மாடல் எக்ஸாம். நேத்து ராத்திரி அம்மா போன். "நான் வாரேன்." "யார் கூடம்மா?" "யாரு கூடயும் இல்ல. நான்தான் வாரேன்." நாற்பத்திமூணு வயசு. சிவகாசி ஸ்டேஷனில் இருந்து அம்மா எந்த வண்டியும் தனியா ஏறினதில்லை.

அப்புறம் முக்கால் மணி நேரம் கிளாஸ் எடுத்தேன். எஸ்-4 பெட்டி எங்கே நிக்கும்னு போர்டில் எப்படிப் பார்க்கிறது, லோயர் பெர்த் கேட்டு வாங்குறது எப்படி, எழும்பூர் வரைக்கும் போகாம தாம்பரத்திலேயே இறங்கிட்டா ஏர்போர்ட் பக்கம், போனில் சார்ஜ் வெச்சுக்கணும், தெரியாதவங்க குடுக்கிறதைச் சாப்பிடக் கூடாது... அம்மா எல்லாத்தையும் என் பழைய கெமிஸ்ட்ரி நோட்டில் எழுதிக்கிட்டாங்க. பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

"சரி, எழுதிட்டேன். எதிர் சீட்டுல இருக்கவுக சேவு குடுத்தா என்ன பண்ண? வேண்டாம்னு சொன்னா கோவிச்சுக்குவாகளே!"